ஒரு நாள் இடைவெளி, 3,170 ரூபாய்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் பார்த்த வகுப்பறையிலிருந்து தொடங்குகிறேன். நீளமான ஒரே ஹால். நடுவில் ஒரு மர பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு டீச்சர், அந்தப் பக்கம் இன்னொரு டீச்சர். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒருவருக்கு ஃபோன் வந்தால் மற்றவர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். இருவரும் பிளஸ் டூ முடித்து, இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பதிவு மூப்பில் வந்தவர்கள். இருவருடைய பதவிப் பெயரும் இடைநிலை ஆசிரியர்தான்.

ஒருவர் 2008இல் சேர்ந்தார், இன்னொருவர் 2009இல், பள்ளி திறந்து சில மாதம் கழித்து. ஒரு வருட சீனியாரிட்டிக்கு ஒரு இன்க்ரிமென்ட் வித்தியாசம் இருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் சின்னவர் தன் செல்போனில் சம்பளச் சீட்டைத் திறந்து காட்டி, "அக்காவுக்கும் எனக்கும் அடிப்படையிலேயே இவ்வளவு வித்தியாசம் சார்" என்றபோது, பெரியவர் தலையைக் குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. இருந்தும் அவருக்குச் சங்கடமாக இருந்தது தெரிந்தது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அதைச் சரிசெய்யச் சொல்லி 2018 முதல் 2023 வரை நடந்த போராட்டங்கள் என்ன ஆயின, 2019இல் ஊரே பேசிய 'வாத்தியார் சம்பளம்' விவாதத்தில் இந்த விஷயம் மட்டும் ஏன் காணாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வு.

கணக்கு

2009 ஜூன் 1 அன்று தமிழக அரசு ஆறாவது ஊதியக் குழுப் பரிந்துரைகளை ஒட்டித் திருத்திய ஊதிய விதிகளை வெளியிட்டது. நிதித்துறை அரசாணை எண் 234. அதற்கு முன் இடைநிலை ஆசிரியரின் ஊதிய விகிதம் 4,500இல் தொடங்கியது. அப்போது பணியில் இருந்தவர்களுக்கு, வாங்கிக்கொண்டிருந்த அடிப்படை ஊதியத்தை 1.86ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் நிர்ணயித்தார்கள். 4,500ஐ 1.86ஆல் பெருக்கினால் 8,370. அதோடு பதவிக்கு ஏற்பச் சேர்க்கும் தர ஊதியம் (கிரேடு பே) 2,800. மொத்தம் 11,170.

ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் என்று ஒன்று இல்லை. ஆகவே அவரை ஊதியக் கட்டின் அடிமட்டத்தில் வைத்தார்கள். அந்தக் கட்டு 5,200 முதல் 20,200 வரை. 5,200உம் 2,800உம் சேர்ந்து 8,000. மே 31இல் சேர்ந்தவருக்கும் ஜூன் 1இல் சேர்ந்தவருக்கும் 3,170 ரூபாய் வித்தியாசம். ஒரே வேலை, ஒரே தகுதி, இடையில் ஒரே ஒரு இரவு.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பல பதவிகளை ஒரே ஊதியக் கட்டில் போட்டால், கட்டின் அடிமட்டத் தொகை அதிலுள்ள மிகக் கீழான பதவிக்குத்தான் பொருந்தும். மத்திய அரசு இதை முன்பே யோசித்தது. நேரடியாகப் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தர ஊதிய வாரியாகத் தனித் தொடக்க ஊதிய அட்டவணை ஒன்றை விதிகளோடு சேர்த்தே வெளியிட்டது. அதன்படி 2,800 தர ஊதியப் பதவியில் புதிதாகச் சேர்பவருக்கு மொத்தம் 11,360. அதாவது பழையவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பார்கள். நம்முடைய ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு வரவில்லை. பதினாலு வருடச் சண்டையின் வேர் இந்த ஒரு அட்டவணைதான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யாருக்கோ அதிகமாகக் கொடுத்ததால் வந்த பிரச்சினை அல்ல இது, விதி எழுதியபோது ஒரு சாராருக்குச் செய்ய வேண்டிய நிர்ணயத்தைச் செய்யாமல் விட்டதால் வந்தது.

மற்ற ஆசிரியர்களுக்கும் இந்தத் தேதி பொருந்தியது. ஆனால் பட்டதாரி ஆசிரியருக்குப் பழைய தொடக்கம் 5,500. அதை 1.86ஆல் பெருக்கினால் 10,230. புதியவருக்கு அந்தக் கட்டின் அடி 9,300. இடைவெளி 930தான். அடி பலமாக விழுந்தது இடைநிலை ஆசிரியர் மீது.

2011இல் இடைநிலை ஆசிரியர்களுக்கு 750 ரூபாய் தனி ஊதியம் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே தொகை என்பதால் இடைவெளி அப்படியே நின்றது. பிறகு 2017 அக்டோபரில் ஏழாவது ஊதியக் குழு அடிப்படையில் எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கினார்கள். 8,000 என்பது 20,560 ஆகி, 20,600 என்ற தொடக்கத்தில் நின்றது. 11,170 என்பது 28,700ஐத் தாண்டியது. மூவாயிரமாக இருந்த இடைவெளி எட்டாயிரம் ஆயிற்று. அகவிலைப்படி சதவீதக் கணக்கில் வருவதால் அதுவும் குறைவு. பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் பத்து சதவீதமும், அதற்கு ஈடாக அரசு போடும் பணமும் குறைவு. ஒரு தடவை விட்ட தப்பு, ஒவ்வொரு ஊதியக் குழுவிலும் வட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு தகுதித் தேர்வு கட்டாயமானது. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 2,448 பேர்தான் தேறினார்கள். அவ்வளவு சல்லடையில் தங்கி உள்ளே வந்தவர்களுக்கும் அதே அடிமட்ட ஊதியம்தான்.

இரண்டு கோரிக்கைகள், ஒரே பெயர்

'இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு கோரிக்கைகள் இருக்கின்றன. வெளியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, மத்திய அரசுப் பள்ளித் தொடக்கநிலை ஆசிரியருக்கு இணையான ஊதியம். ஆறாவது ஊதியக் குழுவில் மத்திய அரசு தன் தொடக்கநிலை ஆசிரியர்களை 9,300 தொடக்கமும் 4,200 தர ஊதியமும் உள்ள கட்டில் வைத்தது. 1988 முதல் மத்திய அரசுக்கு இணையாக வாங்கிவந்த தமிழக இடைநிலை ஆசிரியர்கள் இந்த இடத்தில் பின்னால் விழுந்தார்கள். இதில் 2009க்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் எல்லாரும் பாதிக்கப்பட்டவர்களே. பெரிய சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதை.

இரண்டாவது, 2009 ஜூனுக்குப் பின் சேர்ந்த சுமார் 20,000 பேர் கேட்பது: பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடுங்கள். இடைநிலை பதிவு மூப்பு ஆசிரியர் இயக்கம் இந்த ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

முதலாவதற்குப் பதில் சொல்ல அரசிடம் வாதம் இருக்கிறது. மாநிலத்தின் நிதி வேறு, மத்திய அரசின் நிதி வேறு. கல்வித் தகுதி வேறு. ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம், வாதம் என்ற அளவில் அது நிற்கும். இரண்டாவதற்கு அந்த வாதம் எதுவும் பொருந்தாது. ஒரே அரசு, ஒரே கருவூலம், ஒரே பள்ளி.

2019 ஜனவரி: ஊர் பேசிய சண்டை

2019 ஜனவரி 22 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒன்பது கோரிக்கைகள். பங்களிப்பு ஓய்வூதியத்தை ரத்து செய்வது முதன்மையானது. ஏழாவது ஊதியக் குழுவின் 21 மாத நிலுவை, பள்ளிகளை மூடி இணைக்கும் திட்டம், அங்கன்வாடி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர்களை அனுப்புவது என்று பட்டியல் நீண்டது. இடைநிலை ஆசிரியர் ஊதியமும் அதில் ஒன்று.

அரசு பணிய மறுத்தது. கைது, இடைநீக்கம், 17 பி விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு எல்லாம் நடந்தது. 2003ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். அந்த வருடம் ஜூலையில் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு சுமார் 1.7 லட்சம் பேரை ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு எடுத்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியோ தார்மீகப்படியோ உரிமை இல்லை என்றது. பெரும்பாலோர் எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வேலைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர் எவருக்கும் வேலைநிறுத்தம் என்றால் அந்த ஜூலைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

2019இல் அரசு எடுத்த புதிய ஆயுதம் தற்காலிக ஆசிரியர்கள். முதலில் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 10,000 ஆக்கினார்கள். பி.எட்., டி.டி.எட். படித்த இளைஞர்கள் கல்வி அலுவலகங்களில் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைப் படங்கள்தான் விவாதத்தின் திசையை மாற்றின. "பத்தாயிரத்துக்கு வர ஆள் இருக்கும்போது இவர்களுக்கு எதற்கு எழுபதாயிரம்?" டீக்கடையில் தொடங்கி டிவி வரை இதே கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் வீட்டிலேயே ஒரு பெண் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு ஏதோ ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மே மாதம் சம்பளமே வராது. அவளுடைய அப்பாவுக்கு அரசுப் பள்ளி ஆசிரியர் மீது கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபம் நியாயமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. தனியார் பள்ளியின் பத்தாயிரம் படித்தவரின் உழைப்புக்கு உரிய விலை இல்லை. வேலை கிடைக்காததால் கிடைத்த விலை அது. அதையே அரசும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு தற்காலிக ஆசிரியருக்கு விலை வைத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அரசு சுட்டிக்காட்டிய சம்பளமெல்லாம் ஓய்வுபெறும் தறுவாயில் உள்ள மூத்த ஆசிரியர்களின் சம்பளம். முப்பது வருட இன்க்ரிமென்ட் சேர்ந்தது. 20,600இல் தொடங்கியவர் அந்த விவாதத்தில் எங்குமே தென்படவில்லை. ஒன்பது கோரிக்கைப் பட்டியலில் அவருடைய கோரிக்கை இருந்தது உண்மை. ஆனால் 'வாத்தியார் சம்பளம்' என்று ஊர் பேசியபோது கண்முன் நின்றவர் அதிகச் சம்பளம் வாங்கும் ஆசிரியர். சங்கங்களும் இந்த வேறுபாட்டை மக்களிடம் விளக்கத் தவறின. "எங்களுக்கு இவ்வளவு வேண்டும்" என்பதற்கும் "இருவருக்கும் ஒரே மாதிரி வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு துண்டறிக்கையில் சொல்லியிருக்கலாம்.

செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் நெருங்கிய நிலையில், ஜனவரி 30 அன்று மாணவர் நலனைச் சொல்லி வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன், போராடியவர்கள் மீதான நடவடிக்கைகளை அதே அரசு கைவிட்டது. கோரிக்கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

விடுமுறையில் நடந்த உண்ணாவிரதம்

அந்த 2019 வேலைநிறுத்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2018 டிசம்பர் கடைசி வாரத்தில், பதிவு மூப்பு ஆசிரியர்கள் சென்னைக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மார்கழிப் பனியில் திறந்த வெளியில் படுத்திருந்த பெண்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊதிய முரண்பாடுகளை ஆராய அமைத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சித்திக்கின் ஒருநபர் குழு பரிசீலித்துக்கொண்டிருக்கிறது, அறிக்கை வரட்டும் என்று அரசு சொன்னதை நம்பி எழுந்து போனார்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் அந்த அறிக்கை அரசிடம் கொடுக்கப்பட்டது. ஊதிய இடைவெளி மாறவில்லை.

2022 டிசம்பர் 27 அன்று மறுபடியும் உண்ணாவிரதம். இடம் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை, பள்ளிக் கல்வி இயக்ககங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகம். அந்த மாதம்தான் வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டினார்கள். ஆசிரியர்கள் பேச்சில் அது இன்னும் டி.பி.ஐ.தான். புத்தாண்டு பிறந்ததும் அங்கேயே. ஜனவரி 1 அன்று முதலமைச்சர் மூவர் குழு ஒன்றை அறிவித்தார். நிதித்துறைச் செயலாளர், பள்ளிக் கல்வித்துறைச் செயலாளர், தொடக்கக் கல்வி இயக்குநர். ஆறாம் நாளில் உண்ணாவிரதம் முடிந்தது. திமுகவின் 2021 தேர்தல் வாக்குறுதிகளில் 311ஆவது இந்த 20,000 ஆசிரியர்களைப் பற்றியது. அந்த எண்ணைப் பதாகையில் பெரிதாக எழுதிப் பிடித்திருந்தார்கள்.

மூன்றாவது முறை 2023 செப்டம்பர் 28.

நாட்களைக் கவனியுங்கள். 2018உம் 2022உம் அரையாண்டு விடுமுறை. 2023 காலாண்டு விடுமுறை. பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளைகூடப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாட்கள். "மாணவர் கல்வி என்னாவது?" என்று 2019இல் எழுந்த கேள்வியை யாரும் இவர்களிடம் கேட்க முடியாது. கேட்கவும் இல்லை. ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத போராட்டத்தை உடனே முடித்து வைக்க வேண்டிய அவசரமும் யாருக்கும் இருக்கவில்லை. பள்ளியை மூடிப் போராடியவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்றோம். பள்ளிக்கு விடுமுறை வரும்வரை காத்திருந்து பட்டினி கிடந்தவர்களுக்குக் குழு மேல் குழு கொடுத்தோம். 2010இல் ராஜீவ் ரஞ்சன் ஒருநபர் குழு, பிறகு ஊதியக் குறைதீர் பிரிவு, சித்திக் குழு, மூவர் குழு. அப்படியானால் ஒரு ஆசிரியர் எப்படித்தான் போராட வேண்டும் என்று கேட்டால், என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

தெரிந்துதானே சேர்ந்தார்கள்?

இந்த விஷயத்தில் நான் அதிகம் கேட்ட எதிர்வாதம் இது. 5,200 என்று தெரிந்துதானே பணி நியமன ஆணையை வாங்கினார்கள், அப்புறம் என்ன புகார்?

2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அது தற்காலிகப் பணியாளர்களைப் பற்றிய வழக்கு என்றாலும் வாதம் இதேதான். குறைந்த கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொள்வது விரும்பி அல்ல. குடும்பத்துக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதற்காகத் தன் சுயமரியாதையை விட்டுக்கொடுத்துத்தான் ஒத்துக்கொள்கிறார் என்றது நீதிமன்றம். நகாரா வழக்கில் 1982இலேயே, ஒரே வகையான ஓய்வூதியர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரித்தது தவறு என்றும் சொல்லியிருக்கிறது. எல்லாத் தேதிகளையும் நீதிமன்றங்கள் அடித்துவிடவில்லை. நிதிச் சுமையைக் காட்டி நீதிமன்றத்தில் நிலைத்த தேதிகளும் உண்டு.

சரி, நிதிச் சுமை எவ்வளவு? நானே போட்ட தோராயக் கணக்கு: 20,000 பேர், ஆளுக்கு மாதம் 8,100 என்றால் 16.2 கோடி, வருடத்துக்கு 194 கோடி. அகவிலைப்படியைச் சேர்த்தால் 2023 நிலவரத்தில் முந்நூறு கோடிக்குள். 2023-24 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 40,299 கோடி. நூற்றில் ஒரு ரூபாய்கூட இல்லை. நிலுவையையும் சேர்த்துக் கேட்டால் தொகை ஏறும். இவர்களுக்குக் கொடுத்தால் மற்ற துறைகளும் வந்து நிற்கும் என்ற நிதித்துறையின் பயத்தையும் ஒதுக்க முடியாது. அந்தப் பயத்துக்குப் பதில், எந்தப் பதவிக்கு இடைவெளி எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டு வெளியிடுவது. 3,170உம் 930உம் ஒன்றல்ல என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அக்டோபர் 5

2023இல் டி.பி.ஐ. வளாகத்தில் இவர்கள் மட்டும் இல்லை. டெட் தேறி வேலைக்குக் காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். பகுதிநேர ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லிக்கொடுக்க 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பதினோரு வருடம் கழித்து அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது 10,000. 20,600இல் தொடங்கியவர் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறார், பத்தாயிரம் வாங்குபவர் 20,600ஐப் பார்க்கிறார், வேலையே இல்லாதவர் பத்தாயிரத்தைப் பார்க்கிறார். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று கூட்டமும் மூன்று துணிப்பந்தலும். நியாயமான ஊதியம் எது என்று பேசுகிறவர்கள் அந்த ஒரு வாரம் அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.

அக்டோபர் 4 அன்று அப்போதைய பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் அறிவிப்பு வெளியிட்டார். பகுதிநேர ஆசிரியர்களுக்கு 12,500. இடைநிலை ஆசிரியர்களுக்கு, மூவர் குழு மூன்று மாதத்தில் அறிக்கை தரும். பதிவு மூப்பு ஆசிரியர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். ஒன்பது மாதம் முன்பு இதே குழுவை நம்பித்தானே எழுந்து போயிருந்தார்கள்.

மறுநாள் விடிவதற்குள் போலீஸ் வந்தது. பட்டினியில் எழுந்து நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகவும் தூக்கியும் பஸ்ஸில் ஏற்றினார்கள். மண்டபங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் வளாகம் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாம் பருவம். பீரோவுக்கு இரண்டு பக்கமும் புதுப் பயிற்சி நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. சின்னவர் சென்னைக்குப் போய் வந்திருந்தார், குரல் கம்மியிருந்தது. "நீ உட்காரு, அரும்புப் பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்று பெரியவர் இரண்டு பக்கத்தையும் தன்னிடம் இழுத்துக்கொண்டார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் இருவர் கையெழுத்தும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன.